சைக்கிள் பவர்: ஃபோன் ஆப் 214 வாட், கிராங்க் மீட்டர் 188 வாட். எதை நம்புவது?

மலைமிதி (சேலம்)

வணக்கம். பவர் மீட்டர் வாங்கும் வசதி இல்லாததால், ஃபோன் ஆப் கணக்குப் போட்டுச் சொல்லும் வாட்டை வைத்துத்தான் இத்தனை நாளும் பயிற்சி செய்கிறேன். அந்த எண் எவ்வளவு சரி என்று சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. இப்போது நண்பர் ஒருவர் இடது கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு) பவர் மீட்டரையும், அதன் எண்களைக் காட்டும் ஹெட் யூனிட்டையும் இரவல் கொடுத்திருக்கிறார்.

ஏற்காடு மலைச்சாலையில் சரிவு ஓரளவு சீராக இருக்கும் 6 கிமீ துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஏற்றம் 300 மீட்டர், நேரம் 25 நிமிடம், நடுவில் எங்கும் நிற்கவில்லை. விடிகாலை, காற்று இல்லை. ஆப் காட்டிய சராசரி 214 வாட், மீட்டர் காட்டியது 188.

அடுத்து சமவெளியில் ஒரே நேர்ச்சாலை. போகும்போதும் வரும்போதும் மணிக்கு 30 கிமீ வேகத்தைப் பிடித்து ஓட்டினேன். ஆப் இரண்டு பக்கமும் 177 என்கிறது. மீட்டரோ போகும்போது 225, வரும்போது 121. இரண்டுக்கும் சராசரி எடுத்தால் மீட்டர் 173 வருகிறது. ஆப்புக்கு வெறும் 4 வாட் தள்ளி!

எனக்குப் புரியாதது இதுதான்: ஏற்றத்தில்தான் ஆப் சரியாகச் சொல்லும், சமவெளியில் காற்றால் கெட்டுப்போகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு நேர்மாறாக வந்திருக்கிறது. கோளாறு ஆப்பிலா, மீட்டரிலா?

உடல் எடை 68 கிலோ, சைக்கிள் 10.5 கிலோ, இரண்டையும் ஆப்பில் கொடுத்திருக்கிறேன். 28 மிமீ டயர், கைகள் பிரேக் ஹூட் (பிரேக் பிடியின் மேலுறை) மேல். ஃபோன் பழையது, ஜெர்சியின் பின்பாக்கெட்டில் இருந்தது.

கொங்கு ரைடர்

ப்ரோ, மீட்டர்தான் சரியா இருக்கும். கிராங்க்ல இருக்கற ஸ்ட்ரெயின் கேஜ் நீங்க மிதிக்கற விசையை நேரடியா அளக்குது. ஆப் எதையும் அளக்கல, வேகத்தையும் ஏற்றத்தையும் வச்சு ஊகிக்குது. கிளம்பறதுக்கு முன்னாடி ஜீரோ ஆஃப்செட் (மிதிக்காதப்ப மீட்டர் பூஜ்யம் காட்டற மாதிரி சரிபண்றது) போட்டீங்களா? வீட்டுக்குள்ள இருந்து எடுத்துட்டு வந்து உடனே போட்டா பத்தாது. சைக்கிள் வெளிய கொஞ்ச நேரம் நின்னு, குளிருக்குப் பழகினப்புறம் போடணும்.

மலைமிதி

போட்டேன் அண்ணா. அடிவாரத்தில் பத்து நிமிடம் நிறுத்திவைத்துவிட்டுத்தான் போட்டேன். துண்டு முடிந்த இடத்தில் மறுபடி பார்த்தபோதும் ஆஃப்செட் நகரவில்லை.

அளவுகோல் (கோயம்புத்தூர்)

ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு அளவுகள் கையில் இருக்கும்போது, இரண்டையும் சாராத மூன்றாவது கணக்கு ஒன்று வேண்டும். ஏற்றத்தில் அது சுலபம், ஏனென்றால் அங்கே உழைப்பின் பெரும்பகுதி புவியீர்ப்புக்குத்தான் போகிறது. எடையும் உயரமும் நேரமும் தெரிந்தால் போதும்.

முதலில் எடை. 68, 10.5 சரி. நிரம்பிய இரண்டு பாட்டில், ஹெல்மெட், ஷூ, உடை, டியூப், பம்ப், ஃபோன்? 3.5 கிலோ வைத்துக்கொள்கிறேன். மொத்தம் 82 கிலோ.

82 × 9.81 × 300 = 2,41,326 ஜூல். 25 நிமிடம் என்பது 1500 விநாடி. வகுத்தால் 161 வாட். இது உங்களையும் சைக்கிளையும் மேலே தூக்க மட்டும்.

டயரின் உருளல் தடை: நம் மலைச்சாலைத் தாருக்குக் கெழு 0.006 என்று எடுத்தால், விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் 19 வாட். காற்றுத்தடை: அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.08 கிலோ, ஹூட் பிடியில் சிடிஏ (இழுவைக் கெழுவையும் முன்பரப்பையும் பெருக்கிய எண்) 0.40 என்று வைத்தால் 14 வாட். கூட்டினால் 194. செயினிலும் பல்சக்கரங்களிலும் போகும் 3 சதவீதத்தையும் சேர்த்தால் நீங்கள் பெடலில் கொடுத்தது 200 வாட்.

உருளல் கெழு 0.004 என்றால் 6, 7 வாட் குறையும். எடையில் 1 கிலோ பிசகினால் 2 வாட், உயரத்தில் 5 மீட்டர் பிசகினால் 3 வாட் மாறும். எல்லாம் சேர்ந்தாலும் 193க்கும் 207க்கும் இடையில்தான் நிற்கும் என்பது என் மதிப்பீடு.

ஆகவே 188ம் இல்லை, 214ம் இல்லை. இரண்டிலுமே பிழை இருக்கிறது, எதிரெதிர்த் திசையில். இன்னும் ஒன்று: ஆப்புக்கு நீங்கள் கொடுத்த எடை 78.5 மட்டும். 3.5 கிலோ குறைவாகக் கணக்கிட்டும் அது கூடுதலாகக் காட்டுகிறது என்றால், வேறெங்கோ பெரிதாக ஊதிப்போயிருக்கிறது. எனக்கு ஏற்றத்தின் மேல்தான் சந்தேகம். ஃபோனில் பாரோமீட்டர் (காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் உணரி) இருக்கிறதா? அந்தத் துண்டுக்கு ஆப் காட்டும் மொத்த ஏற்றம் எவ்வளவு? பதிவில் முதல் புள்ளிக்கும் கடைசிப் புள்ளிக்கும் உயர வித்தியாசம் எவ்வளவு? மூன்றையும் சொல்லுங்கள்.

மலைமிதி

பாரோமீட்டர் இல்லை. ஆப் காட்டும் மொத்த ஏற்றம் 341 மீட்டர். தடம் பதிவான ஜிபிஎக்ஸ் கோப்பைத் திறந்து பார்த்தேன், முதல் புள்ளிக்கும் கடைசிப் புள்ளிக்கும் 303 மீட்டர். ஹெட் யூனிட்டில் பாரோமீட்டர் உண்டு, அது 299 என்கிறது. இறக்கமே இல்லாத சாலையில் 341 எப்படி வரும்?

அளவுகோல் (கோயம்புத்தூர்)

ஆப் ஏன் கூடுதலாகக் காட்டுகிறது என்பதற்கு விடை அந்த 341தான்.

ஜிபிஎஸ் உயரம் ஒரு மீட்டர் இரண்டு மீட்டர் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். கொண்டை ஊசி வளைவில் ஒரு பக்கம் பாறைச் சுவர், மேலே மரக்கூரை. சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி வரும்போது ஆட்டம் இன்னும் கூடும். மேலே ஆடும் நொடியில் சாலை திடீரென்று 10 சதவீதச் சரிவு என்று ஆப் நினைத்து 350 வாட் போடுகிறது. கீழே ஆடும் நொடியில் இறக்கம் என்று நினைக்கிறது. கணக்கு எதிர்மறை வாட்டுக்குப் போகிறது. எதிர்மறை வாட் என்று ஒன்று மனிதன் மிதிப்பதில் கிடையாது, அதனால் அதைப் பூஜ்யம் என்று வெட்டிவிடுகிறது. மேலே போன ஆட்டம் முழுசாகச் சராசரியில் சேர்கிறது, கீழே வந்தது சேர்வதில்லை. ஆட்டம் நடுநிலையாக இருந்தாலும் சராசரி மேல்நோக்கித்தான் சாயும்.

சரிபார்க்கலாம்: 78.5 கிலோவும் 341 மீட்டரும் போட்டு மேலே சொன்ன கணக்கை மறுபடி செய்தால் 214 வாட் வருகிறது. உங்கள் ஆப்பின் எண்ணேதான்.

ஆகவே யார் இந்தச் சோதனையைச் செய்தாலும் முதலில் பார்க்க வேண்டியது வாட்டை அல்ல. தொடர்ந்து ஏறும் சாலையில் ஆப்பின் மொத்த ஏற்றமும் இரு முனைகளின் உயர வித்தியாசமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பதிவின் வாட்டை ஒப்பிடுவதே வீண்.

கொங்கு ரைடர்

அப்போ எலிவேஷன் கரெக்‌ஷன் ஆன் பண்ணிட்டா சரியாயிடுமே? வரைபட உயரத்தை எடுத்துக்கும்.

அளவுகோல் (கோயம்புத்தூர்)

சமவெளியில் உதவும். மலைச்சாலையில் எனக்கு நம்பிக்கை இல்லை. இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவில் பெருமளவு, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடாரால் எடுத்த எஸ்ஆர்டிஎம் தரவிலிருந்து வந்தது. அதில் ஒரு கட்டம் ஏறக்குறைய 30 மீட்டர். மலையை வெட்டிப் போட்ட சாலைக்கு ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். கட்டத்தின் உயரம் சாலையின் உயரமாக இருக்காது. ஜிபிஎஸ் தடம் பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்தாலே உயரம் பல மீட்டர் குதிக்கும். முனைகளின் உயரத்துக்கு வரைபடம் போதும், நொடிக்கு நொடி சரிவு கேட்டால் கிடைக்காது.

பாரோமீட்டர் உள்ள ஃபோன்தான் வழி. அதிலும் ஒன்று நினைவில் வைக்கவும். நம் வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் அதிகாலை 4 மணிவாக்கில் தாழ்ந்து 10 மணிவாக்கில் உச்சத்துக்கு வரும், 2, 3 ஹெக்டோபாஸ்கல் வரை. ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு எட்டரை மீட்டர். காலை முழுக்க ஓட்டிவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே திரும்பினால் வீடு பத்திருபது மீட்டர் பள்ளத்தில் போனதாகக் காட்டுவது இதனால்தான். 25 நிமிட ஏற்றத்துக்கு இரண்டு மீட்டர் கூட வராது, விட்டுவிடலாம்.

இரட்டைக்கிராங்க்

மீட்டர் பக்கத்துப் பிழைக்கு வருகிறேன், எனக்குப் பழகிய தலைவலி. இடது கிராங்க் மீட்டர் இடது காலை மட்டும் அளந்து இரண்டால் பெருக்குகிறது. பெட்டியில் எழுதியிருக்கும் ஒன்றிரண்டு சதவீதத் துல்லியம் அந்த ஒரு காலுக்குத்தான். 188ஐ 200ஆல் வகுத்தால் 0.94. அதாவது உங்கள் இடது கால் 47, வலது 53. ஆரோக்கியமான ஆளுக்கு இது சாதாரணம், பயப்பட ஒன்றுமில்லை.

உறுதிசெய்ய, தெரிந்தவர் யாரிடமாவது டைரக்ட் டிரைவ் ஸ்மார்ட் டிரெய்னர் (பின்சக்கரத்தைக் கழற்றிச் செயினை நேரே மாட்டி, நின்ற இடத்திலேயே மிதிக்க வைத்து வாட் அளக்கும் கருவி) இருந்தால் மீட்டருடன் ஏறி உட்காருங்கள். பத்து நிமிடம் சூடேற்றி, இரண்டுக்கும் ஜீரோ போட்டு, 150, 195, 240 என்று படிப்படியாக ஒவ்வொன்றிலும் நான்கு நிமிடம். முதல் நிமிடத்தைத் தள்ளிவிட்டு மீதிக்குச் சராசரி. டிரெய்னர் செயினுக்குப் பின்னால் அளப்பதால் கிராங்கை விட இரண்டரை சதவீதம் குறைவாகக் காட்டுவதே நியாயம், அதைக் கணக்கில் சேர்க்கவும்.

மலைமிதி

நண்பர் வீட்டில் முடித்துவிட்டேன். டிரெய்னர் 150 என்றபோது மீட்டர் 143. 195க்கு 188. 240க்கு 236.

இரட்டைக்கிராங்க்

செயின் இழப்பைச் சேர்த்தால் கிராங்கில் உண்மையாக 154, 200, 246. இடது பங்கு முறையே 46.5, 47, 48 சதவீதம். நன்றாக மிதிக்கும்போது இடது கால் கொஞ்சம் சேர்ந்துகொள்கிறது. அதனால் 'எப்போதும் 6 சதவீதம் கூட்டிக்கொள்' என்று ஒரே பெருக்கல் போட முடியாது. களைத்தபின் மறுபடி மாறும். 200 வாட் அருகில் மட்டும் 1.06ஆல் பெருக்குங்கள்.

நாற்பதுக்குமேல்

அப்படியானால் சமவெளிச் சராசரி ஒத்துப்போனது எப்படி? அதை யாரும் சொல்லவில்லையே.

அளவுகோல் (கோயம்புத்தூர்)

ஐயா, அது பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிட்டதால் வந்த ஒற்றுமை.

மணிக்கு 30 கிமீயில் காற்றே இல்லாவிட்டால் இவருக்கு 178 வாட் போதும், அதில் முக்கால்வாசி காற்றைத் தள்ளத்தான். இப்போது மார்பு உயரத்தில் மணிக்கு 6 கிமீ காற்று என்று வையுங்கள், இலை லேசாக அசையும் அளவு. எதிர்க்காற்றில் 239 வாட் வேண்டும், பின்காற்றில் 129 போதும். மீட்டரில் வந்த 225ஐயும் 121ஐயும் தோராயமாக 0.94ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய அதே எண்கள் கிடைக்கும். ஆப்புக்குக் காற்று தெரியாது, வேகம் மட்டும் தெரியும். இரண்டு பக்கமும் 177 என்றது.

போக வர உண்மைச் சராசரி 184. காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், எதிர்க்காற்றில் இழந்ததைப் பின்காற்று முழுசாகத் திருப்பித் தராது. அதனால் ஆப் 7 வாட் குறைவு. மீட்டரோ இடது காலால் 11 வாட் குறைவு. இரண்டும் ஒரே பக்கம் தவறியதால் 177ம் 173ம் பக்கத்தில் வந்து நின்றன. மலையில் எதிரெதிர்ப் பக்கம் தவறின, அதனால் 26 வாட் இடைவெளி. சராசரியை மட்டும் ஒப்பிட்டு 'ஆப் துல்லியம்' என்று அறிவிக்கும் சோதனைகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும். ஒரு பக்கத்துக்கு 50 வாட் தவறு அதற்குள் ஒளிந்திருக்கிறது.

1998ல் ஜேம்ஸ் மார்ட்டினும் உடன் ஆய்வாளர்களும் இதே இயற்பியல் சமன்பாட்டை எஸ்ஆர்எம் பவர் மீட்டருடன் ஒப்பிட்டு, நன்றாகப் பொருந்துகிறது என்று காட்டினார்கள். ஆனால் அவர்கள் காற்றை அங்கேயே அளந்து சமன்பாட்டுக்குள் கொடுத்தார்கள். சமன்பாட்டில் குறை இல்லை, ஃபோனுக்கு அதில் போட வேண்டிய எண்கள் தெரியாது. வானிலை முன்னறிவிப்பின் காற்றைப் போட்டாலும் சரிவராது. அது 10 மீட்டர் உயரத்துக் காற்று. மரமும் வீடும் இருக்கும் சாலையில் நம் மார்புக்கு வருவது அதைவிட நன்றாகக் குறைவு. முன்னால் ஒருவர் ஓட்டினால் கேட்கவே வேண்டாம்.

மலைமிதி

எல்லோருக்கும் மிக்க நன்றி. தங்கையின் ஃபோனில் பாரோமீட்டர் இருக்கிறது. ஆப்பில் பாட்டிலுக்கும் ஷூவுக்கும் தனி இடம் இல்லாததால், சைக்கிள் எடையை 14 என்று மாற்றிவிட்டு அதே துண்டில் மறுபடி ஏறினேன். மொத்த ஏற்றம் 304. ஆப் 197 வாட், கைக்கணக்கு 194, மீட்டர் 183. மீட்டரை 1.06ஆல் பெருக்கினால் 194. மூன்றும் ஒரு வழிக்கு வந்துவிட்டன.

நொடிக்கு நொடி வரைபடத்தை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன், அது மட்டும் இன்னும் பொருந்தவே இல்லை.

இரட்டைக்கிராங்க்

பொருந்தாது. நீங்கள் எழுந்து நின்று மிதித்தால் மீட்டர் அதே நொடியில் காட்டும். ஆப்புக்கு வேகம் மாறி, உயரம் மாறி, அதை வழவழப்பாக்கிய பிறகுதான் தெரியும். ஐந்து நிமிடத்துக்குக் குறைந்த எதையும் ஆப்பில் பார்க்காதீர்கள். இன்டர்வெல் பயிற்சிக்கு இதயத் துடிப்பையும் உடல் சொல்வதையும் வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட ஏற்றத்தில் மாதத்துக்கு மாதம் முன்னேற்றம் பார்க்க ஆப் தாராளமாகப் போதும்.

கொல்லிக்காற்று (நாமக்கல்)

இடையில் ஒரு கேள்வி. எங்கள் கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவு. என் ஃபோனிலும் பாரோமீட்டர் கிடையாது. எனக்கு வழியே இல்லையா?

அளவுகோல் (கோயம்புத்தூர்)

இருக்கிறது. ஆப்பின் வாட்டை விட்டுவிடுங்கள், அதன் கடிகாரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அடையாளம் தெரிகிற இரண்டு இடங்களைத் தேர்ந்து, அவற்றின் உயரத்தை சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத்தில் சமவுயரக் கோடு பார்த்துக் குறித்துவையுங்கள். கோடுகளுக்கு இடையே 20 மீட்டர். 500 மீட்டருக்கு மேல் ஏறினால் அந்தப் பிழை சிறிது. எல்லாம் மாட்டிக்கொண்டு சைக்கிளோடு எடைமேடையில் ஏறி நின்று எடையைப் பாருங்கள். எடை × 9.81 × உயரம் ÷ விநாடி. ஏற்றம் இதே 5 சதவீதமாக, இதே வேகமாக இருந்தால் அதோடு கால் பங்கு சேர்த்தால் பெடல் வாட் வந்துவிடும். உங்கள் பாதை இதைவிடச் செங்குத்து என்றால் டயருக்கும் காற்றுக்கும் போகும் பங்கு குறையும், ஆறில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வரை சேர்த்தால் போதும். காற்றடிக்கும் நாளில் மட்டும் செய்யாதீர்கள்.