எம்எஸ், பிஎச்டிக்கு அப்ளை பண்ணும் முன் உங்கள் பெயரைக் கூகுளில் போட்டுப் பாருங்கள்

வேலைக்காகவோ வீட்டுக்காரரோடோ அமெரிக்கா வந்துவிட்டு, இப்போது மேலே படிக்க நினைப்பவர்களுக்கு: எஸ்ஓபி (ஏன் படிக்க வருகிறீர்கள் என்று விண்ணப்பத்தோடு தரும் கட்டுரை) எழுத உட்காரும் முன் பிரவுசரின் இன்காக்னிட்டோ விண்டோவில் உங்கள் பெயரைத் தேடுங்கள். ஒரு தடவை தேடினால் போதாது, ஏனென்றால் நம் பெயர்கள் அப்படி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, லிங்க்ட்இன்னில் பின்னால் ஒற்றை இனிஷியல், கல்லூரிக் காலத்துக் கான்ஃபரன்ஸ் பேப்பரில் இனிஷியல் முன்னால். மூன்றும் ஒரே ஆள் என்று, உங்களைத் தேடிப் பார்க்கும் பேராசிரியருக்கு எப்படித் தெரியும்?

நான் தேடியபோது என் பேப்பர் வரவே இல்லை. வந்தது, 2012இல் நண்பர்களோடு நடத்திய பிளாக்ஸ்பாட். எச்ஓடிக்கு (துறைத் தலைவருக்கு) பட்டப்பெயர் வைத்து நாலு பாரா, கீழே என் முழுப்பெயர்! அதன் பாஸ்வேர்டைத் தேடி எடுக்கவே இரண்டு நாள் ஆனது. பதிவை அழித்த பிறகும் தேடலில் அந்த வரி நின்றது. கூகுளில் பழைய உள்ளடக்கத்தை நீக்கச் சொல்லும் படிவம் ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால்தான் சீக்கிரம் போகும். ஃபேஸ்புக்கில் ஆக்டிவிட்டி லாக் போய், மற்றவர்கள் பதிவில் நீங்கள் போட்ட கமெண்ட்டுகளையும் பாருங்கள். நம் வண்டவாளம் பெரும்பாலும் அங்கேதான்.

2017இல் ஹார்வர்டு, இளங்கலைக்கு இடம் கொடுத்த பத்துப் பேருக்காவது அருவருப்பான மீம்களுக்காக இடத்தைத் திரும்பப் பெற்றது. அரசியல் கருத்தை அழிக்க நான் சொல்ல மாட்டேன், அது உங்கள் இஷ்டம். வசவும் சாதிப் பேச்சும் கேலியும் போகட்டும்.

சரி, எல்லாவற்றையும் பிரைவேட் ஆக்கிவிட்டால் முடிந்ததா? இல்லை. ஊருக்குப் போய் எஃப்-1 மாணவர் விசா ஸ்டாம்பிங் வாங்க வேண்டுமென்றால் டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தை நிரப்ப வேண்டும். 2019 முதல் அதில் கடைசி ஐந்து வருடம் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்கிறார்கள். 2025 ஜூனிலிருந்து மாணவர் விசாவுக்கு அவற்றைப் பப்ளிக்காக வைக்கச் சொல்கிறார்கள். அதனால் பூட்டி வைப்பதை நம்பாதீர்கள், கணக்கை மறைக்கவும் வேண்டாம்.

அப்புறம் ஆர்க்கிட் (ORCID) ஐடி ஒன்று எடுங்கள், ஆராய்ச்சியாளர்களை அடையாளம் காட்டும் எண் அது, இலவசம்தான். உங்கள் பெயரின் எல்லா வடிவத்தையும் அதில் சேர்க்கலாம். எனக்கு அதற்குப் பிறகுதான் பேப்பர் மேலே வந்தது. முதலிடத்தில் இப்போதும் திருநெல்வேலியில் என் பெயரிலேயே இருக்கும் ஒரு பல் டாக்டர்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.