புதுப்பிப்பு: எல்லாருக்கும் குடுத்த அட்மின் உரிமைய எடுத்தாச்சு

போன மாசம் கேட்டிருந்தேம்லா, எங்க வண்ணார்பேட்டை ஆபீஸ்ல பில்லிங் சாஃப்ட்வேர் அப்டேட் ஆகணும்னு எல்லா சிஸ்டத்துலயும் எல்லாருக்கும் அட்மின் உரிமை (சிஸ்டத்துல எதையும் போட, மாத்த முடியுத உரிமை) குடுத்து வச்சிருக்காவ, எப்படி எடுக்கதுன்னு. இப்போ பிரிவிலேஜ் மேனேஜ்மென்ட் ஏஜென்ட் போட்டாச்சு, அதாவது ஆளுக்கு அட்மின் உரிமை குடுக்காம, தேவப்பட்ட புரோகிராமுக்கு மட்டும் குடுக்குத சாஃப்ட்வேர். மொத ரெண்டு வாரம் எதையும் தடுக்காம லாக் மட்டும் எடுத்தோம், பாத்தா அட்மின் கேக்கது அந்த அப்டேட்டரும் பிரிண்டர் டிரைவரும்தான், அது ரெண்டு மட்டும் அட்மினா ஓடலாம்னு ரூல் போட்டோம்.

ஃபைல் பேர வச்சி ரூல் போட்றாதீங்க அண்ணாச்சி, பேர மாத்தி எதையும் ஓட்டிரலாம். ஹாஷ் (ஃபைலுக்குள்ள இருக்கத வச்சி கணக்கிடுத கைரேகை மாதிரி ஒரு கோடு) வச்சா ஒவ்வொரு அப்டேட்டுக்கும் மாத்தணும், அதனால பப்ளிஷரோட (சாஃப்ட்வேர வெளியிட்ட கம்பெனியோட) டிஜிட்டல் கையெழுத்து வச்சிதான் போட்டோம். முக்கியமா சைல்ட் ப்ராசஸுக்கு (அந்த புரோகிராம் உள்ள இருந்து தொறக்குத வேற புரோகிராமுக்கு) உரிமை போகாம அடைச்சிருங்க, இல்லன்னா ஃபைல் ஓப்பன் விண்டோ வழியா கமாண்ட் ப்ராம்ப்ட்டே (கட்டளை டைப் பண்ணி சிஸ்டத்த இயக்குத விண்டோ) அட்மினா தொறந்துரும்.

நேத்து கணக்கு பாக்க அக்கா என்ன கூப்பிடாமலே அப்டேட் பண்ணிட்டாவ, அம்புட்டு சந்தோசம் எனக்கு.