N கேஜ் மாதிரி ரயில் பாயிண்ட்டுக்கு மோட்டார்: ஜல்லி போட்டு இறுக்கின பிறகு மாட்ட முடியுமா?

முத்தியால்பேட்டை 9மிமீ:
வணக்கம். கடலூர் துறைமுகம் சந்திப்பை ஒட்டி N கேஜ்ல (ரெயில்களுக்கு நடுவுல 9 மி.மீ.) ஒரு மாதிரி ரயில் லேஅவுட். மெயின் லைன், விருத்தாசலம் பக்கம் பிரியிற லைன், ரெண்டு லூப், மொத்தம் 8 பாயிண்ட் (ரயிலை லைன் மாத்துற இடம்). எல்லாமே பெக்கோ கம்பெனியோட எலெக்ட்ரோஃபிராக், அதாவது ரெயில்கள் குறுக்கிடுற ஃபிராக் முனை உலோகத்துல இருக்கிற வகை. 12 மி.மீ. பிளைவுட், மேல 3 மி.மீ. கார்க். தண்டவாளம் ஒட்டி, ஜல்லியையும் ஃபெவிக்கால் கரைசல் விட்டு இறுக்கியாச்சு. இப்போதான் மோட்டார் யோசனை. காந்தச் சுருள் இழுக்கிற காயில் மோட்டாரா, சொன்ன கோணத்துக்குத் திரும்புற சர்வோவா? டிராக்கைப் பெயர்க்காம மாட்ட வழி உண்டா? 3 பாயிண்ட் கையால தள்ளினாலே இறுக்கமா நகருது.

உப்பனாறு:
முதல்ல அந்த 3 பாயிண்ட்டைச் சரி பண்ணுங்க சார். டை பாருக்கு (நகர்ற ரெண்டு டங் ரெயிலையும் சேர்க்கிற குறுக்குப் பட்டை) அடியில பசை போயிருக்கு. வெதுவெதுப்பான தண்ணி ரெண்டு சொட்டு விட்டு, பத்து நிமிஷம் ஊறவெச்சு, ஊசியால ஜல்லியைக் கிளறி எடுங்க. டை பாருக்கு ரெண்டு பக்கமும் ஒரு ஸ்லீப்பர் இடைவெளி ஜல்லியே இல்லாம இருக்கட்டும். பிறகு ஒரு பஸ் டிக்கெட் தாளை டங் ரெயிலுக்கும் அது போய் ஒட்டுற நிலையான ஸ்டாக் ரெயிலுக்கும் நடுவுல வெச்சு இழுத்துப் பாருங்க. ரெண்டு பக்கமும் தாளைக் கவ்விப் பிடிக்கணும். கையால தள்ளும்போதே பிடிக்காத பாயிண்ட் எந்த மோட்டார் போட்டாலும் பிடிக்காது.

உங்க நிலைமைக்கு சர்வோதான். காயில் மோட்டாரைப் பாயிண்ட்டோட அடியிலயே கவ்வ வைக்கணும்னா பலகையில ஏறக்குறைய 40க்கு 25 மி.மீ. வெட்டணும். ஒட்டின டிராக்குக்கு அடியில அது நடக்காது. தவிர காயில் சுத்தியல் மாதிரி அடிக்கும். N கேஜ் டங் ரெயில் மெல்லிசு, நாளடைவுல டை பார்லேர்ந்து கழண்டுக்கும்.

சர்வோவுக்கு 6 மி.மீ. துளை போதும். டை பார் நடுத்துளை வழியா 1 மி.மீ. பிட்டைக் கையாலயே திருகி அடிவரைக்கும் இறக்குங்க. அந்த அடையாளத்தை வெச்சு கீழேயிருந்து 6 மி.மீ. பிட்டால துளைங்க. பிட்டுல 12 மி.மீ. அளவுக்கு டேப் சுத்திட்டா கார்க்கோட நின்னுடும். கார்க்கைக் கத்தியால வெட்டி எடுக்கலாம். துளையோட உள்சுவருக்கு வார்னிஷ் அவசியம். ஐப்பசி, கார்த்திகை மழையில நம்ம கடற்கரைக் காத்துக்குப் பிளைவுட் உப்பும்.

எஸ்ஜி90 சர்வோவை அலுமினிய எல் கிளாம்ப்ல, கை மேல்நோக்கி நிக்கிற மாதிரி மாட்டுங்க. 0.8 மி.மீ. ஸ்பிரிங் கம்பியோட அடி முனையை வளைச்சு, சர்வோ கையில மையத்திலிருந்து 10 மி.மீ. தள்ளியிருக்கிற துளையில கோர்த்துடணும். பலகையோட அடிப்பரப்புல 1 மி.மீ. துளை போட்ட ஒரு பட்டை. கம்பிக்கு அதுதான் அச்சு. அச்சுக்கு மேல டை பார் வரைக்கும் 17 மி.மீ., கீழே சர்வோ கை வரைக்கும் 25 மி.மீ. வெச்சுக்குங்க. கம்பியோட வளைவுக்கும் சேர்த்து மேல 4.5 மி.மீ. நகரணும்னா கீழே 6.6 மி.மீ. அதாவது நடுவிலிருந்து பக்கத்துக்குச் சுமார் 19 டிகிரி. அச்சுப் பட்டை இல்லாம கம்பியை நேரா சர்வோவுல கட்டினா மொத்தமே பத்து டிகிரிக்குள்ள அடங்கிடும். அப்புறம் ஒரு டிகிரி பிசகினாலும் பாயிண்ட் திறந்து நிக்கும்.

பாயிண்ட்டை ரெண்டு பக்கமும் பிடிச்சு வெக்கிற பெக்கோ ஸ்பிரிங்கை எடுக்க வேண்டாம். ஒட்டின டிராக்குல அதைக் கழட்டப் போனா டை பார் உடையலாம். கம்பியோட மேல் முனை ரெயில் தலைக்குக் கீழேயே நிக்கணும், இல்லன்னா கப்ளிங் தட்டும்.

ஓ.டி. சிக்னல்:
மேல சொன்னது முழுக்கச் சரி. கரன்ட் பக்கம் நான் சேர்க்கிறேன்.

எலெக்ட்ரோஃபிராக்னா ஃபிராக்லேர்ந்து வெளியே போற உள் ரெயில் ரெண்டுலயும் பிளாஸ்டிக் ஜாயினர் இருக்கணும். ஒட்டும்போது விட்டிருந்தா மெல்லிய டிஸ்க்கால வெட்டி, இடைவெளியில பிளாஸ்டிக் துண்டு வெச்சு ஒட்டுங்க. ஃபிராக் சப்ளையை டங் ரெயில் தொடுறதை நம்பி விடாதீங்க. உப்புக் காத்துல அந்த முனை சீக்கிரம் கறுத்துடும், என்ஜின் பாயிண்ட் மேலயே நின்னுடும். சர்வோ கைக்குப் பக்கத்துல ஒரு மைக்ரோ ஸ்விட்ச் வெச்சு, காமனை ஃபிராக்குக்கும் மத்த ரெண்டை ரெண்டு ஸ்டாக் ரெயிலுக்கும் கொடுங்க. ஸ்விட்ச் பாதி தூரத்துல மாறணும். முன்னாடியே மாறினா, பழைய பக்கம் இன்னும் ஒட்டியிருக்கும்போதே ஷார்ட் ஆகும்.

8 சர்வோவுக்கும் அதை ஓட்டுற ஆர்டுயினோ போர்டோட 5 வோல்ட் பின்னிலிருந்து கரன்ட் எடுக்கக் கூடாது. தனி 5 வோல்ட் சப்ளை, கிரவுண்ட் மட்டும் பொது. ஒரு சர்வோ முடிஞ்ச பிறகு அடுத்ததுன்னு நகர்த்தினா 2 ஆம்பியர் தாராளம். 20 மில்லி செகண்டுக்கு ஒரு டிகிரி வீதம் விட்டா சர்வோ கை மெதுவா நகரும்; ஆனா பெக்கோ ஸ்பிரிங் இருக்கிறதால டங் ரெயில் நடுவுல டக்குனு தாவித்தான் ஒட்டும்.

முத்தியால்பேட்டை 9மிமீ:
ரெண்டு பேருக்கும் நன்றி. ஒண்ணு மாட்டிட்டேன், தாள் சோதனை பாஸ். ஆனா சுவிட்ச் போட்டதும் சர்வோ ஒரு தடவை வெட்டி இழுக்குது.

ஓ.டி. சிக்னல்:
புரோகிராம்ல attach-க்கு (சர்வோவை இணைக்கிற கட்டளை) முன்னாடியே write (கோணம் சொல்ற கட்டளை) கொடுங்க. இல்லன்னா லைப்ரரி முதல்ல 90 டிகிரிக்குத்தான் போகும். கடைசி நிலையை ஈப்ரம்ல (கரன்ட் போனாலும் அழியாத நினைவகம்) சேமிச்சு, அதையே write-ல கொடுக்கணும். சிக்னல் ஒயருக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 10 கிலோ ஓம், சர்வோ சப்ளையில 470 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் கப்பாசிட்டர். நகர்ந்து முடிஞ்சதும் detach (சிக்னலை நிறுத்துற கட்டளை) பண்ணிடுங்க. பெக்கோ ஸ்பிரிங் பாயிண்ட்டைப் பிடிச்சுக்கும், சர்வோவோட உறுமலும் நின்னுடும்.