மாலையானால் பிஎச் 9.4-ஐத் தொடும் குளத்து நீர்

வீட்டின் பின்புறம் நான்கு மாதங்களுக்கு முன் கட்டிய சிமென்ட் குளம். 3,000 லிட்டர், எட்டு கோய் கெண்டைகள். நாள் முழுவதும் வெயில், நீர் பாசியால் பச்சையாக இருக்கிறது. மூன்று வாரங்களாகக் காலையில் பிஎச் (நீரின் அமில, காரத் தன்மையின் அளவு) 7.8, மாலை 4 மணிக்கு 9.4. அந்த நேரத்தில் மீன்கள் இரை எடுப்பதில்லை; மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. நேற்று ஒன்று இறந்துவிட்டது. மனம் ஆறவில்லை.

வினிகர் ஊற்றினேன், மறுநாளே பழைய அளவு. வாரம் இருமுறை கால் பங்கு நீரை மாற்றுகிறேன். காற்று மோட்டார் இரவு பகலாக ஓடுகிறது. அம்மோனியா லிட்டருக்கு 0.5 மில்லிகிராம், பிஎச் இவ்வளவு ஏறும்போது அதுவே கொடிய நஞ்சாகிவிடும் என்பதுதான் என் பயம். பிஎச் சட்டென்று ஏறி இறங்காமல் தாங்கும் கார்பனேட் கடினத்தன்மை லிட்டருக்கு வெறும் 40 மில்லிகிராம்.

முதலில் சமையல் சோடாவால் கடினத்தன்மையை உயர்த்துவதா, நிழல்வலை கட்டிப் பாசியைக் குறைப்பதா?