மறு: ‘சுமையிலா இழப்பு’ இன்வர்ட்டருக்குப் பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

சுமை (விளக்கு, மின்விசிறி என மின்சாரம் வாங்கும் கருவிகள்) இருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்வர்ட்டர் தனக்கென்றே எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற பேச்சில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> சுமையிலா இழப்பு என்பதே போதும். மின்மாற்றிக்கு ஏற்கெனவே புழங்குகிறதே.

புழங்குகிறது, மறுக்கவில்லை. ஆனால் என் இன்வர்ட்டர் கட்டுரையின் நாலாவது பத்தியிலேயே அந்தச் சொல் காலை வாரிவிட்டது.

போன வாரம் வீட்டு இன்வர்ட்டரை அளந்து பார்த்தேன். மெயினை அணைத்து, எல்லா சுவிட்சையும் நிறுத்திவிட்டு, பேட்டரியின் சிவப்பு ஒயரில் கிளாம்ப் மீட்டரை (ஒயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கருவி) மாட்டினால் 1.3 ஆம்பியர். 12.5 வோல்ட்டுக்கு அது சுமார் 16 வாட். ஒரு விளக்குகூட எரியவில்லை. உள்ளே மின்மாற்றி மட்டும் முனகிக்கொண்டிருக்கிறது. அப்புறம் 9 வாட் எல்இடி பல்பு ஒன்றைப் போட்டேன்: 2.1 ஆம்பியர், அதாவது 26 வாட். 26 கொடுத்து 9 வாங்குகிறோம். பயனுறுதிறன் (இலங்கை நண்பர்களுக்கு வினைத்திறன்) 35 விழுக்காடுதான். மின்விசிறிகள், டிவி, குழல்விளக்கு எல்லாம் சேர்ந்து 200 வாட் ஆனபோது பேட்டரியிலிருந்து 238 வாட் போனது, 84 விழுக்காடு. பெட்டி அதேதான்.

பல்பு எரிந்தபோதும் அந்த 16 வாட் போய்க்கொண்டுதான் இருந்தது, டிவி ஓடியபோதும்தான். மின்மாற்றியின் இரும்பு உள்ளகத்தைக் காந்தமாக்க, கட்டுப்பாட்டுச் சுற்றை விழிக்கவைக்க, மாஸ்ஃபெட் எனும் மின்னணுச் சுவிட்சுகளைத் திறந்து மூட ஆகும் செலவு அது. சுமை ஏறினாலும் இறங்கினாலும் பெரிதாக மாறாது. மின்மாற்றியின் தாமிரக் கம்பிச்சுருளிலும் மாஸ்ஃபெட்டிலும் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறதே, அந்தத் தாமிர இழப்பு வகையறா வேறு.

இப்போது இந்த வாக்கியத்தை வாய்விட்டுப் படியுங்கள்: “பாதிச் சுமையில், சுமையிலா இழப்பும் தாமிர இழப்பும் சமமாகும்போது பயனுறுதிறன் உச்சத்தைத் தொடும்.” சுமை இருக்கிறதா, இல்லையா? மாணவன் குழம்பினால் அவன்மேல் குற்றமில்லை. அளக்கும் நேரத்தை வைத்துப் பெயரிட்டிருக்கிறோம். பொருளை வைத்து அல்ல.

> வெற்றோட்ட இழப்பு?

அதே சிக்கல்தான். கூடவே ‘ஓட்டம்’ மின்னோட்டமா, எந்திரம் ஓடுவதா என்ற கேள்வியும் ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் எலக்ட்ரீஷியன் சொன்னது இது: “இது தனக்கே இவ்வளவு தின்னுது சார்.” அதைக் கேட்டதும் ‘தன்தீனி’ என்றுதான் முதலில் குறித்துவைத்தேன். எனக்கு இன்னும் பிடிக்கும், ஆனால் பாடநூலில் போட்டால் வகுப்பே சிரிக்கும். ஆகவே தற்செலவு என்று முன்மொழிகிறேன். தற்காப்பு, தற்சார்பு வரிசையில் இயல்பாக உட்காருகிறது. ‘இழப்பு’ என்பதைவிடச் ‘செலவு’ சரியென்றும் படுகிறது: கடையில் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் வாடகை கட்டுவது மாதிரி.

மேலே உள்ள வாக்கியத்தில் மாற்றிப் போட்டுப் பாருங்கள், முரண் போய்விடும். “கரண்ட் போன 10 மணி நேரத்தில் பல்பு தின்றது 90 வாட்-மணி, இன்வர்ட்டரின் தற்செலவு 160” என்றும் எழுதலாம். பெட்டி பெரிதானால் பொதுவாகத் தற்செலவும் பெரிது; சின்ன வீட்டுக்குப் பெரிய இன்வர்ட்டர் ஏன் வேண்டாம் என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

ஓர் ஆட்சேபத்தை நானே சொல்லிவிடுகிறேன். சூரிய மின்சாரக்காரர்கள், கூரையில் விளைந்ததை வீட்டிலேயே பயன்படுத்துவதற்கும் ஒரு சொல் கேட்கிறார்கள். அதற்குத் ‘தற்பயன்பாடு’ இருக்கட்டும். இரண்டையும் கலக்கக் கூடாது.

சில இன்வர்ட்டர்களில், சுமை இல்லாதபோது அரைத் தூக்கத்தில் கிடந்து, அவ்வப்போது ஒரு துடிப்பை அனுப்பி யாராவது சுவிட்சைப் போட்டார்களா என்று பார்க்கும் ஏற்பாடு உண்டு. தற்செலவு வெகுவாகக் குறையும். ஆனால் சின்ன எல்இடி பல்பு அதன் கண்ணில் படாமல் மினுக் மினுக்கென்று சிமிட்டிக்கொண்டே இருக்கும். இதற்குத் ‘தேடுநிலை’ என்று போட்டிருக்கிறேன். ‘கோழித்துயில்’ என்று போடத்தான் கை பரபரக்கிறது. யாராவது தடுங்கள்.