புதிதாக வெட்டிய மரத்தை வில்லுக்காக அடையாளம் காண்பதும் பதப்படுத்துவதும்

புதுநாண் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பலகைகளை ஒட்டிச் சேர்க்காமல், ஒரே கட்டையிலிருந்து செதுக்கிய வில் ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். நிலத்தைச் சீர்படுத்துவதற்காக அண்மையில் வெட்டப்பட்ட ஒரு மரத்தின் தண்டு, உரியவரின் அனுமதியோடு எனக்குக் கிடைத்திருக்கிறது. நீளம் ஏறத்தாழ 2 மீட்டர். குறுக்களவு 15 சென்டிமீட்டர். பட்டை சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில், நீளவாக்கில் ஓடும் ஆழமற்ற பள்ளங்களோடு இருக்கிறது. வெட்டுமுகத்தில் பட்டையை ஒட்டி ஒரு குறுகிய வெண்ணிற வளையமும், அதற்குள் மையம் வரை பளிச்சென்ற மஞ்சள் நிறமும் தெரிகின்றன. சிறு கிளைகளை வெட்டிய இடத்தில் பால் போன்ற பிசுபிசுப்பான திரவம் கசிந்தது.

இது என்ன மரம் என்று உறுதியாகத் தெரிந்துகொள்ளாமல் அதில் கை வைக்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் இரு முனைகளிலும் மயிரிழை போன்ற வெடிப்புகள் இப்போதே தோன்றத் தொடங்கிவிட்டன. மரத்தை எப்படி அடையாளம் காண்பது, பிளப்பதா அல்லது முழுத்தண்டாகவே உலர விடுவதா, பட்டையை நீக்கலாமா என்பவற்றை விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கொட்டாப்புளி (மறுமொழி):

அடையாளம் காணும் வேலையைச் சற்றே ஒத்திவையுங்கள். முதலில் முனைகளை அடைத்துவிடுங்கள். அது இன்றே முடிய வேண்டிய வேலை. மரத்தில் நீர் ஏறிய வழி நீளவாக்கில் அமைந்த நுண்குழாய்கள் என்பதால், பக்கங்களைக் காட்டிலும் வெட்டுமுகத்தின் வழியாக ஈரம் பல மடங்கு விரைவாக வெளியேறுகிறது. முனை உலர்ந்து சுருங்க முயல்கிறது, அதற்குச் சற்று உள்ளே இருக்கும் மரமோ ஈரத்தால் உப்பியபடியே நிற்கிறது. அந்த இழுபறியில்தான் வெடிப்பு பிறக்கிறது. வெடித்த பகுதியை மட்டும் மெல்லியதாக அறுத்து நீக்கிவிட்டு, உருக்கிய மெழுகையோ, கெட்டியான எண்ணெய்ப் பெயிண்டையோ, தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையையோ இரண்டு முறை பூசுங்கள். பூச்சு வெட்டுமுகத்தோடு நின்றுவிடாமல், பட்டையின் மீதும் நான்கைந்து சென்டிமீட்டர் வரை படர வேண்டும்.

அடுத்தது பிளப்பது. முழுத்தண்டாக உலர விடாதீர்கள். மரம் உலரும்போது ஆண்டு வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படும் சுருக்கத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. முழு வட்டமாக இருக்கும் தண்டில் இந்த வேறுபாடு தணிய வழியே இல்லாததால், பட்டையிலிருந்து மையம் வரை ஒரு பெரிய வெடிப்பு விழுந்தே தீரும். அது வில்லுக்கு உரிய பகுதியின் நடுவிலும் விழலாம். நாமே முன்கூட்டிப் பிளந்துவிட்டால், எங்கே பிளக்க வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கிறோம். முனையில் தெரியும் மிகப் பெரிய வெடிப்பையே தொடக்கமாகக் கொண்டு, மையத்தின் வழியாகக் கோடு செல்லுமாறு முதல் ஆப்பை இறக்குங்கள். பிளவு முன்னேறும்போது பக்கவாட்டில் அடுத்தடுத்த ஆப்புகளை வைத்து அதைத் தொடருங்கள். இரு பாதிகளையும் இணைத்தபடி குறுக்கே நிற்கும் நார்களைக் கோடாரியால் வெட்டிவிடுங்கள். கையால் இழுத்துப் பிரித்தால் நல்ல பாதியிலிருந்து ஒரு சிம்பு உரிந்து போய்விடும்.

மரத்தின் பெயரைவிட முக்கியமான செய்தி ஒன்றும் இந்தப் பிளவில் கிடைக்கும். வாள் தான் போகும் வழியில் மரத்தை அறுக்கும். ஆப்போ நார் போகும் வழியில்தான் பிளக்கும். பிளந்த முகம் ஒரே தளமாக இருந்தால் நார் நேராக ஓடுகிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அது முறுக்கிக்கொண்டு போனால், எவ்வளவு சிறந்த வகை மரமானாலும் அந்தக் கட்டை உங்களுக்குத் தொல்லைதான் தரும்.

வைரமரம் (மறுமொழி):

மேலே சொல்லப்பட்ட வரிசையை நான் முழுமையாக ஏற்கிறேன். முனைகளை அடைத்த பிறகு, அறுத்து நீக்கிய துண்டை வைத்துக்கொண்டு மரத்தை நிதானமாக அடையாளம் காணலாம்.

பாலையும் மஞ்சள் நிறத்தையும் மட்டும் கொண்டு முடிவுக்கு வர இயலாது. முசுக்கொட்டை, பலா, அத்தி, ஆல் ஆகியவை எல்லாம் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. எல்லாவற்றிலும் பால் உண்டு. அவற்றுள் முசுக்கொட்டைக்கும் பலாவுக்கும் வைரம், அதாவது தண்டின் உட்பகுதியிலுள்ள முதிர்ந்த மரம், மஞ்சளாகவே இருக்கும். அமெரிக்கப் பழங்குடியினர் வில்லுக்காகப் போற்றிய ஓசேஜ் ஆரஞ்சு மரமும் இதே குடும்பம்தான். வேறு சில குடும்பங்களின் பால் தோலையும் கண்ணையும் கடுமையாக எரிக்கக்கூடியது என்பதால், மரம் இன்னதென்று உறுதியாகும் வரை கையுறையும் கண்ணாடியும் அணிந்தே வேலை செய்யுங்கள்.

துண்டின் வெட்டுமுகத்தில் ஓரிடத்தை மிகக் கூர்மையான கத்தியால் ஒரே சீவாகச் சீவி, நீரால் நனைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கியால் பாருங்கள். அரத்தாலோ உப்புத்தாளாலோ தேய்த்தால் துளைகளில் தூள் அடைந்து எதுவும் தெரியாது. முசுக்கொட்டையிலும் ஓசேஜிலும், ஒவ்வொரு ஆண்டு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசையாகத் திரண்டு ஒரு வளையக் கோடாகத் தெரியும். அதன் பிறகு வரும் பகுதி அடர்த்தியாக இருக்கும். பலாவில் துளைகள் பெரியவையாயினும் முகம் முழுவதும் பரவலாகச் சிதறிக் கிடக்கும். அவ்வாறான வளையக் கோடு தெரியாது.

அடுத்து இலை. வெட்டிய இடத்தில் கிளைகள் இன்னும் கிடந்தால் சில இலைகளைக் கொண்டுவாருங்கள். முசுக்கொட்டையின் இலை விளிம்பு பற்கள் போல் வெட்டுப்பட்டிருக்கும். ஒரே மரத்தில் சில இலைகள் பிளவுபட்டும் சில முழுமையாகவும் காணப்படும். ஓசேஜின் இலை விளிம்பு வழுவழுப்பானது. இலைக்கணுக்களில் முள் இருக்கும். பலாவின் இலை தடித்து, தோல் போன்று, விளிம்பில் வெட்டின்றி இருக்கும்.

கடைசியாக ஓர் எளிய சோதனை: வைரப் பகுதியின் சீவல்களை வெந்நீரில் போட்டு வையுங்கள். ஓசேஜ் என்றால் நீர் சற்று நேரத்திலேயே அடர்ந்த மஞ்சளாகும். ஓசேஜைப் போலவே தோன்றும் கருப்பு லோகஸ்ட் மரத்தின் சீவல்கள் நீருக்கு அவ்வாறு நிறம் தருவதில்லை. முசுக்கொட்டைக்கு இன்னோர் அடையாளமும் உண்டு: புதிதாகச் சீவிய மஞ்சள் முகம் வெளிச்சம் பட்டுப் படிப்படியாகப் பழுப்பாக மாறும்.

புதுநாண் (கேட்டவர்):

இருவருக்கும் மிக்க நன்றி. முனைகளை மெழுகால் அடைத்துவிட்டேன். தண்டு மையத்தின் வழியாகவே இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி ஏறத்தாழ ஒரே தளமாக இருக்கிறது. மற்றதில் ஒரு முனை அருகே பெரிய கணு இருப்பதால் நார் அதைச் சுற்றி வளைந்து செல்கிறது. சீவிய முகத்தில் வளையக் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. இலைகளின் விளிம்பு வெட்டுப்பட்டிருக்கிறது. ஒரே கிளையிலேயே பிளவுபட்ட இலையும் முழு இலையும் உள்ளன. முள் எதுவும் இல்லை. சீவிய இடம் வெளிச்சத்தில் பழுப்பேறியும் வருகிறது. ஆகவே முசுக்கொட்டை என்று முடிவு செய்கிறேன். நேரான பாதியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பட்டையையும் உலர்த்தலையும் பற்றிச் சொல்லுங்கள்; இவ்வளவு மெல்லிய தண்டில் நல்ல வில் அமையுமா என்ற ஐயமும் இருக்கிறது.

நெடுங்கணை (மறுமொழி):

தண்டின் பருமனைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. டென்மார்க்கின் ஹோல்மகார்டு சதுப்பு நிலத்தில் கிடைத்த, ஏறத்தாழ 9,000 ஆண்டுப் பழமையுடைய விற்கள் எல்ம் மரத்தின் மெல்லிய தண்டுகளிலிருந்து செய்யப்பட்டவை. உங்களுடைய 15 சென்டிமீட்டர் தாராளமானது.

எய்பவருக்கு எதிர்ப்புறமாக, இலக்கை நோக்கியிருக்கும் பக்கம் வில்லின் முதுகு. நாண் பக்கம் வயிறு. நாணை இழுக்கும்போது முதுகு நீட்டி இழுக்கப்படுகிறது, வயிறு அமுக்கப்படுகிறது. முதுகின் மேற்பரப்பில் ஒரே ஓர் ஆண்டு வளையம் முனை முதல் முனை வரை அறுபடாமல் ஓடினால், நார்களும் அறுபடாமல் ஓடுகின்றன என்று பொருள். வளையம் வெட்டுப்பட்ட இடத்தில் நார் முடிந்துவிடும். அங்கிருந்துதான் சிம்பு கிளம்பி வில் முறியும்.

ஆகவே என் பரிந்துரை, பட்டையையும் அதன் அடியிலுள்ள வெளிறையும் (வைரத்தைச் சூழ்ந்த வெண்ணிற வெளிமரம்) இப்போதே நீக்கி, வைரத்தில் தடித்த ஒரு வளையத்தைத் தேர்ந்தெடுத்து அதுவரை இறங்கிவிடுவது. இரு கைப்பிடிகளைப் பிடித்துத் தம் பக்கமாக இழுத்துச் சீவும் கத்தி இதற்கு உகந்தது. வளையத்தின் தொடக்கத்திலுள்ள துளை நிறைந்த பகுதியில் கத்தி ஓடும்போது நொறுநொறுவென்ற ஒலி கேட்கும், சீவல் பொடிந்து உதிரும். அடர்ந்த பகுதியைத் தொட்டதும் ஒலி அடங்கி, சீவல் சுருளாக எழும். கண்ணைவிடக் காது இங்கே நம்பகமானது. ஒலி மாறும் இடத்தை நெருங்கியதும் கத்தியை வைத்துவிட்டு, சுரண்டியால் எஞ்சிய துளைப்பகுதியைத் துடைத்தெடுங்கள். கணு உள்ள இடத்தில் வளையம் மேடாக எழும்பும். அந்த மேட்டை மட்டமாக்க முயலாமல் அதன் மீது ஏறி இறங்குங்கள்.

முதுகு வெளிப்பட்ட அன்றே அதற்கு வார்னிஷோ பசையோ இரண்டு பூச்சு கொடுத்துவிட வேண்டும். இதில் ஓர் இரவுகூடத் தாமதிக்கலாகாது. பிறகு வயிற்றுப் பக்கத்தையும் பக்கவாட்டுகளையும் வாய்ச்சியால் செதுக்கி, அகலம் 5 சென்டிமீட்டர், வில்லின் கைகளின் (கைப்பிடிக்கு இருபுறமும் வளையும் பகுதிகளின்) தடிப்பு 2.5 சென்டிமீட்டர், நடுவில் கைப்பிடிக்கு 4 சென்டிமீட்டர் என்ற அளவுக்குக் குறைத்துவிடுங்கள். தடித்த பலகை உலர ஓர் அங்குலத்துக்கு ஓராண்டு என்று தச்சர்கள் கணக்கிடுவார்கள். இவ்வாறு குறைத்த கட்டை சில வாரங்களிலோ சில மாதங்களிலோ உலர்ந்துவிடும். உலரும்போது முறுக்கிக்கொள்ளாமல் இருக்க, நேரான கனத்த பலகை ஒன்றோடு கிளாம்புகளால் இறுக்கி, நிழலான, காற்று மெதுவாக உலவும் இடத்தில் வையுங்கள். தொடக்க நாட்களில் வெயிலும் மின்விசிறியும் வேண்டாம்.

ஈரத்தை அளப்பதற்குத் தராசு போதும். குறிப்பிட்ட இடைவெளிகளில் கட்டையை நிறுத்து, தேதியோடு எழுதி வாருங்கள். எடை குறைவது நின்றுவிட்டால், மரத்தின் ஈரம் சூழலின் ஈரத்தோடு சமநிலைக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம். துல்லியமான சதவீதம் வேண்டுமானால், முனையிலிருந்து தள்ளி எடுத்த ஒரு துண்டை நிறுத்து, 103 டிகிரி செல்சியஸ் சூட்டில் எடை மாறாத நிலை வரும் வரை உலர்த்தி மீண்டும் நிறுங்கள். 120 கிராம் இருந்தது 80 கிராமாகக் குறைந்தால், இழந்த 40 கிராமை உலர்ந்த எடையான 80ஆல் வகுக்க, ஈரம் 50 சதவீதம். வில்லுக்கு 8 முதல் 10 சதவீதம் உகந்தது. ஈரம் மிகுந்திருந்தால் வில் வளைந்த வடிவிலேயே நின்றுவிடும். 6 சதவீதத்துக்கும் கீழே சென்றால் முதுகு முறியும் ஆபத்து கூடும்.

கொட்டாப்புளி (மறுமொழி):

ஒரு கருத்தில் மட்டும் வேறுபடுகிறேன். முசுக்கொட்டையின் வெளிறு இழுவிசையை நன்றாகவே தாங்கும். முதன்முறையாகச் செய்பவருக்கு, பட்டையை மட்டும் உரித்து, அதன் அடியில் இயற்கையாகவே அமைந்திருக்கும் முழு வளையத்தை அப்படியே முதுகாக வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. கத்தி தவறி வளையத்தை அறுக்கும் வாய்ப்பே அப்போது இல்லை. பட்டையை உள் நார்ப்பட்டையோடு சேர்த்து, மரப்பரப்பில் கீறல் விழாதபடி, மழுங்கிய மரச்சிம்பு ஒன்றால் நெம்பி உரியுங்கள். ஆனால் வெளிறில் மாவுச்சத்து இருப்பதால் வண்டு துளைத்து உளுத்துப்போகச் செய்யும். ஆகவே பூச்சில் இடைவெளி விடாதீர்கள், மாதம் ஒருமுறையேனும் மாவு போன்ற தூள் உதிர்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, எடை நின்றுவிட்டது என்பதனாலேயே மரம் வில்லுக்கு ஆயத்தமாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக உள்ள இடத்தில் மரம் ஏறத்தாழ 9 சதவீதத்தில் நிற்கும். 65 சதவீதமாக உள்ள இடத்தில் 12 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. அத்தகைய இடமானால், கடைசிக் கட்டத்தில் மட்டும், காற்றுத் துளைகளிட்ட நீண்ட பெட்டி ஒன்றுக்குள் வெப்பம் தரும் குண்டு பல்பை எரியவிட்டு, 35 டிகிரி அளவில் வைத்து உலர்த்துங்கள். மரமோ பெட்டியோ பல்பைத் தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பச்சை மரத்தை நேராக அந்தச் சூட்டில் வைத்தால் வெடித்துவிடும்.

வைரமரம் (மறுமொழி):

இரண்டு வழிகளும் சரியானவையே. இந்தத் தண்டுக்கு வெளிறை விட்டுவைக்கும் வழியையே நானும் தேர்ந்தெடுப்பேன், ஏனெனில் வெட்டுமுகத்தில் வெண்ணிற வளையம் குறுகியது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், வயிற்றுக்கு வேண்டிய வைரம் போதிய அளவு மிஞ்சும்.

செதுக்கும்போது கிடைக்கும் நீண்ட சிம்புகளில் விரல் தடிப்புள்ள ஒன்றை, வெளிறும் வைரமும் சேர்ந்திருக்குமாறு எடுத்து, கட்டையோடேயே உலர வையுங்கள். இரண்டும் உலர்ந்த பிறகு, வில்லில் கை வைக்கும் முன், அந்தச் சிம்பை வெளிறு வெளிப்புறமாக இருக்கும்படி முறியும் வரை வளைத்துப் பாருங்கள். நீண்ட இழைகளாகக் கிழிந்து, இரு துண்டுகளும் பிரியாமல் தொங்கினால் மரம் நலமாக இருக்கிறது. குறுக்கே வெடுக்கென்று ஒடிந்து, முறிந்த முகம் மட்டமாக இருந்தால், உள்ளே உளுப்போ பூஞ்சையோ தொடங்கியிருக்கலாம், அல்லது மரம் அளவுக்கு மீறி உலர்ந்திருக்கலாம். உலர்ந்ததுதான் காரணமென்றால், கட்டையைச் சில வாரங்கள் திறந்த அறையில் வைத்து, எடை சற்று ஏறிய பிறகு இன்னொரு சிம்பை முறித்துப் பாருங்கள். அதுவும் அவ்வாறே ஒடிந்தால் அந்தப் பாதியை விட்டுவிட்டு, கணு உள்ள பாதியில் கணுவுக்கு அப்பால் எவ்வளவு நீளம் தேறும் என்று அளந்து எழுதுங்கள். கைப்பிடியில் இரு துண்டுகளைப் பிணைத்துச் செய்யும் வில்லுக்கு அது போதுமா என்று பார்க்கலாம்.