நெஞ்சு வரைக்கும் வர்ற பட்டர் புடிச்சா அது கோல்ஃப் இல்லையா?

செம்பனைக்காட்டான் (குளுவாங்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவுல குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்துல கிராணி, அதாவது ஆபீஸ் கிளார்க். தொரைமாருங்க காலத்துல அவங்களுக்குன்னு போட்ட 9 ஹோல் கோர்ஸ் ஒன்னு இங்க இன்னும் இருக்கு, சுத்தி செம்பனை, நடுவுல புல்லு, இப்ப நம்ம ஆளுங்கதான் அதுல நெறைய பேரு விளையாடறோம். எனக்கு முதுகுல டிஸ்க் பிரச்சனை, சின்ன பட்டர்ல (பந்த ஹோலுக்குள்ள உருட்டி விடற குச்சி) குனிஞ்சு குனிஞ்சு பட் பண்ணா மறுநாள் ஆபீஸ்ல நாற்காலிய விட்டு எந்திரிக்க முடியாது, அதனால செகண்ட் ஹேண்ட்ல ஒரு நீட்டு பட்டர் வாங்கினேன், நிமிந்து நின்னே அடிக்கலாம், வலி இல்ல.

போன மாசம் மெடல் போட்டியில (மொத்தம் எத்தன அடின்னு எண்ற ஆட்டம்) கூட ஆடின ஒரு மூத்த மெம்பர் மூனாவது கிரீன்லயே (ஹோல சுத்தி ஒட்ட வெட்டின புல்லு) ஆரம்பிச்சிட்டாரு, இது வெளக்கமாறு, வாசல் கூட்டத்தான் ஆவும், கோல்ஃபுக்குன்னு ஒரு மரபு இருக்கு அத கெடுக்காதீங்கன்னு நாலு பேரு முன்னாடி சொன்னாரு. ரூல் பத்தி ஒரு வார்த்த பேசல, மரபுன்னுதான் சொன்னாரு, அதுதான் எனக்கு மனசுல தங்கிடுச்சு. ஏன்னா எங்கப்பா இதே கோர்ஸ்ல தொரைக்கு பேக் தூக்கினவரு. அடுத்தவங்க பந்து ஹோலுக்குப் போற லைன மிதிக்கக்கூடாது, ஒருத்தர் பட் பண்ணும்போது நெழல் கூட அங்க விழக்கூடாதுன்னு நான் ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடியே எனக்குச் சொல்லிக்குடுத்தாரு. மரபு மேல எனக்கும் மரியாத இருக்கு. அதனால உண்மையாவே கேக்கறேன், இந்த மாதிரி பட்டர் இந்த ஆட்டத்துக்குச் சேந்ததா இல்லையா? பட்டர ஒடம்புல ஊனி அடிக்கக்கூடாதுன்னு ரூல் இருக்கறதால மேல் கைய நெஞ்சுல படாமத்தான் புடிக்கறேன்.

பழைய கேடி (ஈப்போ) பதில்:

தம்பி, மனச விட்டுடாதீங்க. மரபுன்னு சொன்னாருல்ல, அது எந்த வருசத்து மரபுன்னு அவர கேட்டுப்பாருங்க.

1904ல இங்கிலாந்துல சாண்ட்விச்ல பிரிட்டிஷ் அமெச்சூர் நடந்துச்சு. வால்டர் டிராவிஸ்னு ஒருத்தரு, ஆஸ்திரேலியாவுல பொறந்து அமெரிக்காவுல ஆடினவரு, ஷெனெக்டடின்னு ஒரு பட்டர எடுத்துக்கிட்டுப் போயி கோப்பைய தூக்கிட்டாரு. அந்த பட்டர்ல தண்டு தலைக்கு ஓரத்துல இல்லாம நடுப்பக்கமா எறங்கும், அவ்வளவுதான் விசேஷம். 1910ல ஆர் அண்ட் ஏன்னு பிரிட்டன்ல கோல்ஃபுக்கு ரூல் போடறவங்க அந்த மாதிரி பட்டர தடை பண்ணிட்டாங்க, 1951ல அமெரிக்காவும் அவங்களும் சேந்து ஒரே ரூல் எழுதுனப்பதான் தடை போச்சு. நாப்பது வருசம் மரபுக்கு ஆவாதுன்னு வச்சிருந்த சாமான், இன்னிக்கு எந்தக் கடையிலயும் தொங்குது, ஒருத்தரும் திரும்பிப் பாக்கறதில்ல. அத செஞ்ச ஆர்தர் நைட் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி இஞ்சினியர். அதே கம்பெனியில பின்னாடி வேல பாத்த இன்னொரு இஞ்சினியர் கார்ஸ்டன் சோல்ஹைம், பட்டிங் சரியா வரலன்னு 1959ல வீட்டு கராஜுல தானே ஒன்னு செஞ்சாரு, பந்துல பட்டா பிங்குன்னு சத்தம் வரும், அதுதான் கம்பெனி பேராவும் ஆச்சு. 1966ல அவரு போட்ட ஆன்சர் பட்டர் வடிவத்தத்தான் இன்னிக்கு எல்லாரும் சாதாரண பட்டர்னு சொல்றோம். உங்க மூத்தவரு பேக்ல இருக்கறதும் பெரும்பாலும் அந்த ஜாதியாத்தான் இருக்கும், பாருங்க. இரும்புத் தண்டையே ஆர் அண்ட் ஏ ஒத்துக்கிட்டது 1929லதான், அதுக்கு முன்னாடி எல்லாம் ஹிக்கரி கட்ட.

ஆனா ஒன்னு இருக்கு, சாமான விட அடிக்கற விதத்துலதான் அவங்க கண்டிப்பா இருந்திருக்காங்க, அது எனக்கும் நியாயமாப் படுது. சாம் ஸ்னீட் எவ்வளவு பெரிய ஆட்டக்காரரு, வயசாகி பட் பண்ணும்போது கை வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பிச்சதும் 1966ல ரெண்டு காலுக்கும் நடுவுல பட்டர விட்டு, சுத்தியல் மாதிரி கட்டையால பந்த தட்டற குரோக்கே ஆட்டம் மாதிரி அடிச்சாரு. 1968ல அது கூடாதுன்னுட்டாங்க. மனுசன் சண்ட போட்டுக்கிட்டு நிக்கல, ரெண்டு காலையும் லைனுக்கு ஒரு பக்கமா சேத்து வச்சி, ஹோல நேருக்கு நேரா பாத்து பக்கவாட்டுல அடிச்சாரு, 1974 பிஜிஏ சாம்பியன்ஷிப்ல 62 வயசுல மூனாவது எடத்துக்கு வந்தாரு. நீட்டு பட்டர் கதையும் அதேதான். 2016லருந்து ஒடம்புல ஊனி அடிக்கறதுக்குத்தான் தடை, குச்சிக்கு இல்ல. பெர்ன்ஹார்ட் லாங்கர் கைய நெஞ்ச விட்டு எடுத்துட்டு அதே நீட்டு பட்டர்ல 2023 யூ.எஸ். சீனியர் ஓபன 65 வயசுல ஜெயிச்சாரு. நீங்களும் அந்த வழியிலதான் போறீங்க.

நேர்லைன் (தைப்பிங்) பதில்:

அண்ணன் சொன்ன சரித்திரம் சரிதான், ஆனா நான் அந்த மெம்பர் சொன்ன கருத்து பக்கம்தான் நிப்பேன், அவரு பேசின விதத்துக்கு இல்ல. மூனு அடி பட், எறக்கம், கார்டுல நல்ல ஸ்கோர், மணிக்கட்டு நடுங்குது, அந்த நடுக்கத்த அடக்கிக்கிட்டு பந்த உள்ள தள்றதுதான் பட்டிங். அந்த வேலைய குச்சி பாத்துக்கிச்சின்னா மிச்சம் என்ன இருக்கு? 2011 பிஜிஏ கீகன் பிராட்லி, 2012ல யூ.எஸ். ஓபன் வெப் சிம்ப்சன், ஓபன் எர்னி எல்ஸ், 2013 மாஸ்டர்ஸ் ஆடம் ஸ்காட், வரிசையா பெரிய போட்டிங்கள ஜெயிச்ச இவங்க எல்லாம் ஒடம்புல ஊனி அடிச்சவங்க. அதே மாஸ்டர்ஸ்ல சீனாவுலருந்து 14 வயசு பையன் குவான் தியான்லாங் வயித்துல ஊனற பெல்லி பட்டரோட வந்து ஆடினான். கெழவனுக்குக் குடுத்த கஷாயத்த கொழந்தைக்குப் பாலுக்குப் பதிலா ஊட்டின மாதிரி ஆயிடுச்சு, அதுக்கப்புறம் தடை வந்தது ரொம்ப நல்லது.

இப்பவும் எனக்குத் திருப்தி இல்ல. லூஸா டீ ஷர்ட் போட்டுக்கிட்டு நின்னா கை நெஞ்சுல பட்டுதா படலையான்னு எதுத்தாப்ல நிக்கறவனுக்கு எப்படித் தெரியும்? அப்பறம் பட்டர் கிரிப்ப முன்னங்கையில ஒட்டி வச்சி அடிக்கறது சரின்னு விட்டிருக்காங்க, டீஷாம்போ 2020 யூ.எஸ். ஓபன ஜெயிச்சது அப்படித்தான். நெஞ்சுல ஊனினா தப்பு, கையில ஊனினா சரியா? ரெண்டையும் சேத்தே நிறுத்தியிருக்கணும். முதுகு வலியோட ஆட வர்றவர நான் தடுக்கல, அது வேற விஷயம். போட்டி நடுவுல ஒருத்தர நாலு பேரு முன்னாடி அப்படிச் சொன்னது மட்டும் பெரிய தப்பு, அவரு காப்பாத்தணும்னு சொல்ற மரபுல மொதல் பாடமே கூட ஆடறவனுக்குக் குடுக்கற மரியாததான்.

கித்தாமரம் (பாஹாவ்) பதில்:

அண்ணே, நான் நீட்டு பட்டர் இல்ல, ஜீரோ டார்க்னு சொல்றாங்களே அந்த வகை வச்சிருக்கேன், பாக்க எதோ மெஷின் பாகம் மாதிரி இருக்கும், எங்க லேடீஸ் குரூப்ல எனக்கும் இதே பேச்சுதான். சாதாரண பட்டர் தண்ட வெரல் மேல படுக்க வச்சிப் பாருங்க, தலையோட முனை கீழ தொங்கும், ஆட்டும்போதும் அப்படித்தான் தானா திரும்பப் பாக்கும், நம்ம கைதான் அத புடிச்சி வைக்கணும். இதுல தண்டு எடை மையத்துக்குப் பக்கத்துல எறங்குறதால முகம் திரும்ப அவ்வளவா தவிக்காது. 2025ல ஓக்மாண்ட்ல ஜே.ஜே. ஸ்பான் கடைசி கிரீன்ல 64 அடி பட்ட உள்ள விட்டு யூ.எஸ். ஓபன எடுத்தது இந்த மாதிரி பட்டர்லதான்.

ஆனா எந்த பட்டரும் புல்லப் படிச்சிக் குடுக்காது, இத நான் அடிச்சிச் சொல்வேன். நம்ம பழைய தோட்டத்து கோர்ஸ்ல கிரீன் மெதுவா ஓடும், புல்லு ஒரு பக்கமா சாஞ்சி வளந்திருக்கும், அது சாஞ்ச பக்கம் பந்து ஓடும், எதுத்தா நின்னுடும். பந்துக்குப் பின்னாடி நின்னு பாத்தா புல்லு பளபளன்னு வெளுப்பாத் தெரிஞ்சா சாஞ்ச பக்கம், கரும்பச்சையா இருந்தா எதிர்ப்பக்கம். சந்தேகமா இருந்தா ஹோல் ஓரத்தப் பாருங்க, ஒரு பக்கம் மட்டும் காஞ்சு பிஞ்சிருக்கும், புல்லு அந்தப் பக்கமாத்தான் போவுது. மத்தியானம் மழ பேஞ்சி விட்டுச்சின்னா இன்னும் கஷ்டம். இதெல்லாம் கண்ணும் பழக்கமும் செய்யற வேல, பெரும்பாலும் ஆட்டம் முடிவாவறது இங்கதான், அதனால குச்சி எல்லாத்தையும் பாத்துக்கும்னு தைப்பிங் அண்ணன் சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன்.

செம்பனைக்காட்டான்:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். தைப்பிங் சார் சொன்ன அந்த டீ ஷர்ட் விஷயம் என்ன யோசிக்க வச்சிடுச்சு. கை படாம இருந்தாலும் கூட ஆடறவருக்குச் சந்தேகம் வந்தா அதுவே தொல்ல. அத எப்படித் தவிர்க்கறது? செகண்ட் ஹேண்ட் சாமான்ங்கறதால வேற எதாச்சும் பாக்கணுமா?

பழைய கேடி:

சட்டைய பேண்டுக்குள்ள சொருகிக்கோங்க, மேல் கைய நெஞ்ச விட்டு நல்லா தள்ளி வச்சி காத்து தெரியற மாதிரி நில்லுங்க, அப்ப யாரும் கேக்க மாட்டாங்க. முக்கியமா மேல் கை முழங்கைக்குக் கீழ இருக்கற பாகம் நெஞ்சுலயோ விலாவுலயோ அழுந்தக்கூடாது, கை படாட்டியும் வேணும்னே அந்த முன்னங்கைய ஊனி வச்சி அதால மேல் கைய அசையாம நிறுத்தினா அதுவும் ஆங்கர்தான், அதாவது ஒடம்புல ஊனினதாத்தான் கணக்கு, மெடல்ல ரெண்டு ஸ்ட்ரோக் தண்டனையா கூடிடும், இது நெறைய பேருக்குத் தெரியறதில்ல. மேல் பக்கம் முழங்கை வரைக்கும் ஒடம்ப ஒட்டி இருந்தா பரவால்ல.

சாமான் விஷயத்துல, பட்டர் நீளத்துக்கு மேல் வரம்பு கிடையாது, 18 இஞ்சுக்குக் கொறையாம இருந்தா போதும். உங்களுதுல மேல ஒன்னு கீழ ஒன்னுன்னு ரெண்டு கிரிப் இருக்கும்ல, ரெண்டும் உருண்டையா இருக்கணும், ஒரு பக்கம் தட்டையா இருந்தா செல்லாது, நடுவுல ஒன்ற இஞ்சாவது எடவெளி வேணும். பழைய ஓனரு கிரிப்ப மாத்தியிருந்தா இதத்தான் மொதல்ல பாருங்க. தண்டும் நேர செங்குத்தா நிக்கக்கூடாது, 10 டிகிரியாவது சாஞ்சிருக்கணும், குரோக்கே அடிய தடுக்கத்தான் அந்த ரூல். அடுத்த மெடலுக்கு முன்னாடி பட்டர கமிட்டிகிட்ட கொண்டுபோயி காட்டி சரின்னு சொல்ல வச்சிடுங்க. அப்பறமும் அந்த மூத்தவரு எதாச்சும் சொன்னா, கிரீன்ல பதில் பேசாதீங்க, ஆட்டம் முடிஞ்சதும் ஒரு தே தாரிக் வாங்கிக்குடுத்து உக்காந்து உங்க அப்பா கதைய சொல்லுங்க, அவருக்கே உங்க அப்பாவ தெரிஞ்சிருக்கும்.